ஏழு பத்து வண்டியில் ஏற்றிவிட்ட ஆள்

மாத்திரை உள்ளே போய் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. ஒன்பது பத்துக்குப் புறப்பட்டது. தொண்டையைத் தாண்டியாயிற்று, இந்நேரம் இரைப்பையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், அங்கிருந்து ரத்தத்தில் இறங்கி, கழுத்து வழியாக மேட்டில் ஏறி, மண்டைக்குப் போய்ச் சேர எப்படியும் ஒன்பது ஐம்பது ஆகும் என்று மந்திரமூர்த்தி கணித்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவருக்கு, எது கிளம்பினாலும் அது எப்போது போய்ச் சேரும் என்று பார்க்காமல் இருக்க முடியாது. பெற்ற மகள் பிறந்த நேரத்தைக்கூட ‘நாகர்கோவில் வண்டி உள்ளே வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சு’ என்றுதான் சொல்லுவார். இப்போது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பரீட்சைக்காக நேற்று சாயங்காலத்தோடு நடுக்குவாத மாத்திரையை நிறுத்திய உடம்பை இரும்பு நாற்காலியில் சாத்தி வைத்திருக்கிறார். வலது கை மடியில் கிடந்து ஆடுகிறது. கிளம்பாமல் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுகிற பழைய வண்டி இப்படித்தான் ஆடும், கண்ணாடியெல்லாம் கடகடக்கும், ஓர் அங்குலம் நகராது. ஏதாவது வேலை கொடுத்தால் அந்தக் கை கொஞ்சம் அடங்கும். சும்மா இரு என்றால்தான் அதற்குக் கோபம். சற்று முன்னால் கண்ணாடி போட்ட டாக்டரம்மா, பேத்தி வயசு, கையில் ஸ்டாப் வாட்சோடு பரீட்சை வைத்தாள். விரலைத் தட்டுங்க, கையை விரிச்சு மூடுங்க, எந்திரிங்க, நடங்க, திரும்புங்க. திரும்புவதற்கு ஒன்பது எட்டு எடுத்து வைத்தார், லாரி முட்டுச் சந்தில் திரும்புகிற மாதிரி. “இது மாத்திரை இல்லாத மார்க்குங்க ஐயா. இப்ப மாத்திரை தாரோம். அது வேலை செஞ்சதும் இதே டெஸ்டை மறுபடி எடுப்போம். நல்ல வித்தியாசம் தெரிஞ்சாத்தான் ஆபரேஷன் உங்களுக்குச் சரிப்படும். தெரியலைன்னா நாங்களே வேண்டாம்னு சொல்லிருவோம்” என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை மந்திரமூர்த்தி, தரையில் கிடந்த மோதிரத்தைக் காலால் மூடுகிறவன் மாதிரி, சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார். நாங்களே வேண்டாம்னு சொல்லிருவோம். அது போதும். மாத்திரை வேலை செய்தாலும் செய்யாத மாதிரி ஆட்டிவிட்டால் தீர்ந்தது. நாலு வருஷமாக நடுங்குகிறவனுக்கு நடுங்குகிற மாதிரி நடிக்கத் தெரியாதா? மகளுக்கும் வருத்தம் இருக்காது, டாக்டர் சொல்லிவிட்டார் என்று போய்விடும். மண்டையில் துளை போட்டுக் கம்பி இறக்குவது, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்துத் தைப்பது, எல்லாம் வேறு யாருக்காவது நடக்கட்டும். பயமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுவார். சொல்லுகிறதில் என்ன, அவர் சொல்லாததா.

மகள் பகவதி இட்லி சாப்பிடக் கீழே போயிருக்கிறாள். “எங்கயும் எந்திரிச்சுப் போயிராதீங்கப்பா” என்றாள். எந்திரிச்சால்தானே போவதற்கு. வள்ளியூரில் பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகளை அதட்டுகிற குரலிலேயே ஒரு வருஷமாக அப்பாவை அதட்டி இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டாள். ஊர் அவளைச் சும்மா விட்டதா? மருந்துக்கடைக்காரர், “தலைக்குள்ள கை வைக்க விடாதம்மா, அது ஆண்டவன் போட்ட பூட்டு” என்றார். அண்ணன் பெண்டாட்டி, பெரிய மைனி, பூனைக்காலி விதையைப் பாலில் அவித்துக் குடிக்கச் சொல்லி ஒரு பொட்டலம் அனுப்பினாள். பலசரக்குக் கடை வாசலில் ஒருத்தன், “அறுவத்தெட்டு வயசுல கை நடுங்குனா என்ன அண்ணாச்சி, இனிமே தாலியா கட்டப்போறீரு?” என்றான், நாலு பேர் சிரித்தார்கள், மந்திரமூர்த்தியும் சிரித்தார். முகம்தான் சிரிக்கவில்லை. உள்ளே சிரிப்பு வந்து முகத்துக்கு வந்து சேருவதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள். இதெல்லாம் பரவாயில்லை. அத்தனை பேரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓர் ஆளைப் பற்றிச் சொன்னார்களே, அதுதான். குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தாராமே, உங்களுக்குத் தெரியாதா, இதே வியாதி, இதே ஆபரேஷன், பாவம். தெரியாதா என்று இவரிடமே கேட்டார்கள். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மூக்கு வைத்து முழி வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையில் ரெண்டு பேனா சொருகி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து நாகர்கோவில் வண்டியில் ஏற்றிவிட்டதே இவர்தான். வண்டியில் ஏற்றுவது என்றால், அது அவருடைய பொழுதுபோக்கு. காலையில் ஒரு புளுகைக் கண்டக்டர் காதில் போட்டு அனுப்புவார். சாயங்காலம் அது எந்த வண்டியில், எந்தக் கோலத்தில் திரும்பி வருகிறது என்று டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து காத்திருப்பார். உவரிக் கடலில் பிடித்த மீன் வயிற்றில் சைக்கிள் பெல் இருந்தது என்று திருச்செந்தூர் வண்டியில் அனுப்பினால், ரெண்டாம் நாள் திருநெல்வேலி வண்டியில் முழுச் சைக்கிளாகத் திரும்பும், கேரியரில் டிபன் பாக்சோடு. அந்தச் செவ்வாய்க்கிழமை கண்டக்டர் தவசி டீயை ஊதிக்கொண்டே கேட்டான்: “அண்ணாச்சி, மூளைக்குள்ள கரண்ட் குடுக்காவளாமே, நம்ம டிரைவர் இஸ்ரவேலுக்குச் செய்யப் போறாவளாமே, நெசமா?” வாய் தன்னால் திறந்தது. கணக்குப்பிள்ளைக்குக் கை நின்றுவிட்டது, ஆனால் பக்கத்து வீட்டில் மிக்சி போட்டால் இந்த ஆளுக்கு வலது கை சல்யூட் அடிக்கும். விடியற்காலையில் நெஞ்சிலிருந்து சிலோன் ரேடியோ கேட்கும். மழைக்காலத்தில் இடி இடித்தால் மலையாளத்தில் பேசுவார். தவசி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது. கை நின்னுட்டு, ஆளு போயிட்டாரு. பெண்டாட்டியைப் பார்த்து நீங்க யாரம்மா என்று கேட்டார், மகன் செத்த செய்தி வந்தபோது முறுக்கு தின்றுகொண்டிருந்தார், துளை வழியாக ஆள் இறங்கிப் போய்விட்டார், வீடு மட்டும் பூட்டாமல் கிடக்கிறது. அந்த வரியைச் சொன்னது யார்? மந்திரமூர்த்தி சொன்னாரா, இல்லை சாலையில் வேறு எவனாவது ஏற்றினானா? பதினோரு வருஷமாக இந்த ஒரு இடத்தில்தான் ஞாபகத்தின் வண்டி நின்றுவிடுகிறது. மீனுக்குள் சைக்கிள் வந்ததே, கேரியர் வந்ததே, டிபன் பாக்ஸ் வந்ததே, அதெல்லாம் இவர் வைத்தவையா? சாலை சேர்த்தவை. அப்படியென்றால் இதுவும் சாலை சேர்த்ததாக இருக்கலாம். இருக்கலாம்தானே. ஒன்பது இருபத்தாறு. கை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இஸ்ரவேல் இவருடைய புளுகு எதையும் நம்பியதே இல்லை. ஊரில் ஒரே ஆள் அவர்தான். “ஓய், உம்ம சரக்கு எனக்கு வேண்டாம்” என்பார், கூண்டுக்குள் குனிந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். எந்தக் கதை கேட்டாலும், முதலில் இது எந்த வண்டியில் வந்தது என்று விசாரிப்பார். நம்ம ஊரிலிருந்து புறப்பட்டதென்றால் பொய், வெளியூரிலிருந்து உள்ளே வந்ததென்றால் மெய். டிரைவர் புத்தி. கை ஆட ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகி, ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு அவரை டிப்போவில் உட்காரவைத்திருந்த காலம். மதுரை டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லி, கிறிஸ்துமஸ் முடிந்து வா என்று நாள் குறித்திருந்தார். ஒரு மாசம் கழித்து இஸ்ரவேல் கூண்டுக்கு வந்தார். வெற்றிலை எடுக்கவில்லை. “நான் போகல வே” என்றார். “ஏன்?” “டிப்போவுக்கு ராமநாதபுரம் வண்டி ஒண்ணு வந்திச்சு. அந்த டிரைவர் சொல்லுதான். குலசேகரத்துல ஒரு கணக்குப்பிள்ள. அவன் மச்சான் நேர்ல பாத்திருக்கான். இது உம்ம ஊரு சரக்கு இல்லவே, வடக்கேயிருந்து வருது.” அப்போது சொல்லியிருக்கலாம். இஸ்ரவேல், அது என் பிள்ளை, நாகர்கோவில் போய், திருவனந்தபுரம் பார்த்து, எப்படியோ ராமநாதபுரம் சுற்றி உம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வந்ததை மறித்தது என்ன தெரியுமா? இதை மந்திரமூர்த்தி யாரிடமும் சொன்னதில்லை, செத்துப்போன மனைவியிடம்கூட. பெருமை. ராமநாதபுரம் வரை போயிருக்கிறதே! ஒரே மாதத்தில்! இஸ்ரவேலே நம்பிவிட்டானே! அந்த ஒரு நிமிஷம் உள்ளே ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். அதற்குள் ஆறு நாற்பது உடன்குடி வண்டி வந்துவிட்டது, மைக்கைப் பிடித்து அறிவிக்க வேண்டியிருந்தது, திரும்பிப் பார்த்தபோது இஸ்ரவேல் சின்னச் சின்ன எட்டாக வைத்துப் போய்க்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை என்று ஒரு வண்டி இருக்கிறதே, அதற்கு மட்டும் டைம் போர்டு கிடையாது. “கை நடுங்குனாலும் நான் நானா இருப்பேன்லா” என்று இஸ்ரவேல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தாரா? மூன்று வருஷம். முகம் முதலில் பலகையாயிற்று. பிறகு பேச்சு போயிற்று, பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும், பிறகு குனிந்தாலும் கேட்காது. கடைசி ஈஸ்டருக்குப் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஞானப்பூ, “யாரு வந்திருக்கா பாருங்க, உங்க கூட்டாளி” என்று முகத்தைத் திருப்பிவிட்டாள். கண் வந்து இவர்மேல் நின்றது, நின்று, யாரையும் பார்க்காமல் போயிற்று. கதையில் ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு நடந்தது, நிஜத்தில் செய்துகொள்ளாதவனுக்கு நடந்தது. ஒரு மாசத்தில் கஞ்சி புரை ஏறிப் போய்ச் சேர்ந்தார். கல்லறையில் மண் அள்ளிப் போட்டபோது மந்திரமூர்த்தியின் கை ஆடவில்லை. அப்போதெல்லாம் ஆடாது. நாலு வருஷம் கழித்துத்தான் ஒரு நாள் பேப்பர் படிக்கும்போது, பேப்பர் தானாகச் சலசலத்தது, ஃபேன் காற்று என்று நினைத்து நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள், சலசலப்பு நிற்கவில்லை. இஸ்ரவேலிடம் வந்த வியாதிதான் இங்கேயும் வந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணை மூடினால் இஸ்ரவேல் வருவதில்லை, அதுதான் வேடிக்கை. கணக்குப்பிள்ளைதான் வருகிறார். வெள்ளைச் சட்டை, ரெண்டு பேனா. எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்கிறார். இல்லாத ஆள். இவர் வாயிலிருந்து இறங்கியவர். ஒன்றும் கேட்பதில்லை, ஒன்றும் சொல்வதில்லை, சத்தமில்லாமல் கடிக்கிறார். தன்னைப் பெற்றவன் எப்போது தன்னைப்போல் ஆவான் என்று காத்திருக்கிறவர் மாதிரி.

“அய்யா, மணி என்னாச்சுங்கய்யா?” பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். எப்போது வந்து உட்கார்ந்தாளோ. நாற்பது வயசிருக்கும், மடியில் ஒரு படிவம், அதை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்து, ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்டது. “ஒம்பது முப்பத்தெட்டும்மா” என்றார் கடிகாரத்தைப் பார்க்காமலே. குரல் கொஞ்சம் தெளிவாக வந்தது. மாத்திரை ஊருக்குள் நுழைந்துவிட்டது போல. “பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துறணுமாம்” என்று அவளாகவே சொன்னாள். சாயல்குடி பக்கம், பேர் பூமயில், வீட்டுக்காரர் கருமலையான் டிராக்டர் ஓட்டுகிறவர், ஐம்பத்தோரு வயசு, இந்த வியாதி வந்து ஒன்பது வருஷம். உள்ளே படுக்கையில் இருக்கிறார், நாளைக் காலையில் ஆபரேஷன். “அவுகளுக்குச் சம்மதந்தான். இன்னைக்கே பண்ணுங்கன்டு நிக்கிறாக. அவுக போட்டுட்டாக கையெழுத்து. நாந்தான் போடல. ஊர்ல அத்தனை பேரும் வேணாங்கிறாக. எங்க நாத்தனா நேத்து போன்ல அழுகுது. நீ தாலி அறுக்கப் போறியாடி, இல்ல பொம்மைக்குச் சோறூட்டப் போறியாடின்டு கேக்குது.” மந்திரமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார். “பொம்மையா?” “ஒங்களுக்குத் தெரியாதாங்கய்யா? தெக்க குலசேகரத்துல ஒரு கணக்குப்பிள்ளையாம்...” மிக்சி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சிலோன் ரேடியோ வரவில்லை, இடியும் மலையாளமும் வரவில்லை. பதினோரு வருஷச் சாலையில் ஜோடனையெல்லாம் உதிர்ந்து போயிருந்தது, ஒரு சிரிப்பு மிஞ்சவில்லை. “கை நின்டுருச்சாம். ஆளு போயிட்டாராம். அவ்வளவுதேங்கய்யா. அவரு சம்சாரம் இன்னம் உசுரோட இருக்காகளாம், தெனம் ஊட்டிவிடுறாகளாம்.” அவள் சொன்னபோதுதான் அது நடந்தது. மாத்திரை மண்டைக்குள் வந்து நின்று கதவைத் திறந்துவிட்டதா, என்னவோ, பதினோரு வருஷமாக நின்றிருந்த வண்டி சட்டென்று நகர்ந்தது. தவசி டீயைக் கொட்டிக்கொண்டு சிரிக்கிறான், விடாமல் சிரிக்கிறான், இப்படிச் சிரித்தால் கதை நாகர்கோவில் போவதற்குள் ஆவியாகிவிடும், கனமாக ஏதாவது அடியில் வைத்து அனுப்ப வேண்டும் என்று மந்திரமூர்த்தி கூண்டு ஜன்னலில் முன்னால் சாய்ந்தார், குரலைத் தாழ்த்தினார், தவசியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு சொன்னார். கை நின்னுட்டுடே. ஆளு போயிட்டாரு. தவசியின் சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்றதைப் பார்த்து இவருக்கு எவ்வளவு திருப்தி. சாலை ஒன்றும் சேர்க்கவில்லை. சாலை மற்றதையெல்லாம் இறக்கிவிட்டு இதை மட்டும் பத்திரமாகக் கொண்டு போயிருக்கிறது.

“அது பொய்ம்மா” என்றார். “பொய்யா?” “நான் சொன்ன பொய். அப்படி ஒரு ஆளே கிடையாது. திசையன்விளை பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நாந்தான் உண்டாக்குனேன்.” பூமயில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமோ என்று பார்க்கிற பார்வையில்லை, ஆறுதல் சொல்ல வந்த பெரியவரைப் பார்க்கிற பார்வை, அதுதான் மோசம். “என்னைத் தேத்துறதுக்குச் சொல்றியக. எங்க நாத்தனா நேர்ல பாத்த ஆளுகிட்டயே விசாரிச்சிருக்குங்கய்யா.” மறுபடி மடித்தாள். முப்பத்தோரு வருஷமாக ஊரைச் சுற்றிவந்த பொய் அத்தனைக்கும் டிக்கெட் கிடைத்தது, ஒரே ஓர் உண்மை ஏறப்போனால் இடமில்லை என்று கதவைச் சாத்துகிறார்கள். எதிர் நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது. மடியைப் பார்த்தார். கை நின்றிருந்தது. எப்போது நின்றது? ஒன்பது நாற்பத்தாறு, நாலு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நின்ற கை தன்னுடையதா என்று ஒரு கணம் தெரியவில்லை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது, பயமாகக்கூட இருந்தது. அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதப் பாரு. நான் உன்கிட்ட மறைச்சிட்டேன்ம்மா. அந்தக் கணக்குப்பிள்ளை வேற யாருமில்ல. நாந்தான்.” “அய்யா!” “பன்னெண்டு வருஷமாச்சு. பேட்டரி சரி பாக்க வந்திருக்கேன். சட்டைக்குள்ள இருக்கு. தலையில முடி வளந்து மூடிட்டு.” அவள் கையையே பார்த்தாள். விரல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார், மூடினார், விரித்தார். பரீட்சையில் வராதது இங்கே வந்தது. “ஒங்க சம்சாரத்த... ஒங்களுக்குத் தெரியாமப் போச்சுன்டு...” “அவ செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா. கடைசி நாள் வரைக்கும் அவகூட சண்டை போட்டேன். தெரியாதவகூட யாராவது அவ்வளவு சண்டை போடுவாவளா?” பூமயில் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நீங்க நீங்களாத்தேன் இருக்கியகளா அய்யா? சத்தியமா?” இதற்கு என்ன பதில் சொல்ல? நான் நானாக இருந்துதான் ஒருத்தனைக் கொன்றேன் என்றா? “எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்காது. ரத்தம் கசியலாம், காச்சல் வரலாம்னு டாக்டர் சொல்லுவாவ. அதெல்லாம் அவங்ககிட்ட கேளு, ஒண்ணு விடாமக் கேளு. நாத்தனா சொல்லிச்சு, பஸ்ல வந்துச்சுங்கிறத நம்பாத. ஆனா ‘ஆளு போயிருவாரு’ங்கிறது மட்டும் கிடையாது. அது இல்லவே இல்ல. அத நான் சொல்லுதேன்.” அவள் எழுந்தாள். படிவத்தைத் தொடையில் வைத்து நீவினாள். “நர்சம்மா,” என்று கூப்பிட்டாள், “அந்த டாக்டர வரச் சொல்லுங்க, எனக்கு நாலு கேள்வி கேக்கணும். அப்புறம் ஒரு பேனா குடுங்க.”

“மந்திரமூர்த்தி ஐயா, வாங்க, ரெண்டாவது டெஸ்ட்.” கண்ணாடி போட்ட டாக்டரம்மா கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் கேள்வி நாலையும் கேட்டுவிட்டு நர்ஸ் மேசைக்கு வந்திருந்த பூமயில் திரும்பிப் பார்த்தாள், பேட்டரி சோதிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு, கையெடுத்துக் கும்பிட்டாள். மந்திரமூர்த்தி நாற்காலியின் கையை ஊன்றாமல் எழுந்தார். உள்ளே போகும்போதே திட்டம் மறுபடி கூடவே நடந்து வந்தது, போகவில்லை, அது எங்கே போகும். வித்தியாசம் தெரியலைன்னா நாங்களே வேண்டாம்னு சொல்லிருவோம். கொஞ்சம் தோளைக் குனி. காலைத் தேய். கையை ஆட்டு. ஒரே ஒரு நிமிஷம். மயக்கம் கொடுக்காமலே செய்வார்களாம், துரப்பணம் மண்டை ஓட்டில் படுகிற சத்தம் முழிச்சிருக்கிறவனுக்குக் கேட்குமாமே, உள்ளேயிருந்து கேட்குமாமே. அந்தத் துளை வழியாக இறங்கிப் போவதற்கு இவருக்குள்ளே ஆள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று அந்தக் கடைசி ஈஸ்டரில் இஸ்ரவேல் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றுதானே கண்ணை எடுத்துக்கொண்டார். “கதவைச் சாத்துங்கம்மா” என்றார். “தாழ்ப்பாள் ரிப்பேருங்கய்யா, நிக்காது. நீங்க நடங்க.” திறந்த கதவுக்கு வெளியே, நர்ஸ் மேசைமேல் குனிந்து, கையில் பேனாவோடு, இன்னும் எழுதாமல், பூமயில் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வரை பத்து எட்டு. போனார். மூன்று எட்டில் திரும்பினார். அவளுக்கு நேராக நடந்து வந்தார். “கையைச் சும்மா தொங்க விடுங்க ஐயா” என்றாள் டாக்டரம்மா. அந்த இடத்தில்தான் ஆட்ட வேண்டும், லேசாகப் போதும், மணிக்கட்டிலிருந்து. உடம்பு முழுக்க ஆட்டு ஆட்டு என்று கத்தியது. வெளியே பூமயில் குனிந்தாள், பேனா தாளில் பட்டது. அவள் பேரை எழுதி முடிக்கிற வரை மந்திரமூர்த்தி கையைத் தொங்க விட்டபடி நின்றார். எழுதி முடித்தபின்னும் நின்றார். “நல்ல வித்தியாசம்” என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டாள்.